பிரம்மநாயகியின் வில்லைப் பெட்டி

பிரம்மநாயகியின் ஓலைப்பெட்டியில் ராஜாவும் இருந்தார். ராஜா வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். பெட்டிக்குள் அவர்கள் சண்டை போட்டதே இல்லை. சண்டையெல்லாம் பெட்டிக்கு வெளியேதான்.

திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் அவள் வீடு இருந்தது. அவளுக்கு வயது பதினொன்று. அவள் வயதுப் பெண்கள் சோழி சேர்த்தார்கள், வளையல் துண்டு சேர்த்தார்கள். பிரம்மநாயகி வில்லை சேர்த்தாள்.

வில்லை என்றால் சட்டையில் குத்திக்கொள்கிற சின்னத் தகடு. கலெக்டர் கச்சேரி வாசலில் நிற்கிற சேவகர் மார்பில் பித்தளையில் பளபளக்குமே, அந்த மாதிரிதான். ஆனால் சேவகர் வில்லை அவளுக்கு வேண்டாம். ஊரில் ஏதாவது பெரிய காரியம் நடக்கும். கூட்டம் கூடும். கூடியவர்கள் எல்லாரும் நெஞ்சில் ஒரே மாதிரி வில்லை குத்தியிருப்பார்கள். காரியம் முடிந்ததும் கழற்றி எறிந்துவிட்டுப் போய்விடுவார்கள். பிரம்மநாயகி போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவாள்.

"ஊர்ப் பிள்ளைகள் கோலம் போடப் படிக்குது. என் பிள்ளை குப்பையைக் கிளறப் படிக்குது" என்று அம்மா ஞானம்பாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"குப்பை இல்லம்மா. இது எல்லாம் நம்ம ஊர்ல நடந்தது" என்பாள் மகள். சொல்லிக்கொண்டே சாம்பலும் புளியும் போட்டு வில்லைகளைத் தேய்ப்பாள்.

அந்தப் பெட்டியில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது, ஓரம் நெளிந்த ஒரு தகர வில்லை. அதில் 'சுதேசி' என்று மூன்று எழுத்து இருந்தது. அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, தாமிரபரணி மணலில் தினமும் கூட்டம் நடந்தது. 'நம் ஊர்த் துணியை உடுத்துவோம், நம் ஆட்கள் ஓட்டும் கப்பலில் போவோம்' என்று பேசினார்கள். பிறகு தலைவர்களைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊரில் கலகம் வந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டது. எல்லாம் அடங்கிய பிறகு அம்மாவோடு ஆற்றுக்குக் குளிக்கப் போனாள் பிரம்மநாயகி. அவ்வளவு பெரிய கூட்டம் நின்ற மணலில் ஒருவரும் இல்லை. தண்ணீர் ஓரத்தில் இந்த வில்லை மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

அது 1911-ஆம் வருஷம், மார்கழிக்கு முந்தின நாட்கள். டெல்லியில் புது ராஜாவுக்குப் பட்டாபிஷேக விழா நடக்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் ராஜா முகம் போட்ட பதக்கமும் மிட்டாயும் உண்டு என்று சொன்னார்கள். இன்னொரு பக்கம் ஊரே பயந்துபோயிருந்தது. அந்த வருஷம் ஆனி மாதம் மணியாச்சியில் ரயில் நின்றபோது கலெக்டரைச் சுட்டுவிட்டார்கள். அதிலிருந்து போலீஸ்காரர்கள் வீடு வீடாக நுழைந்து சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பா நாறும்பூநாதன் முனிசிபல் ஆபீஸில் குமாஸ்தா. சத்தமாகத் தும்மக்கூட யோசிக்கிற மனிதர். அன்று சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏளா நாயகி, அந்தப் பெட்டியைக் கொண்டா."

அவள் கொண்டுவந்து வைத்தாள். அவர் மூடியைத் திறந்து, சுதேசி வில்லையைப் பார்த்ததும் பட்டென்று மூடினார்.

"நாளைக்கு நம்ம தெருவுல சோதனை. ஆபீஸ்ல பைய வந்து ஒருத்தன் காதுல சொன்னான். இது கண்ணுல பட்டுதுன்னா என் வேலை போயிரும். வேலை போனாலும் தாவலை, ஆளையே கொண்டு போயிருவாவ. கிணத்துல போட்டுரு."

"கிணத்துல போட்டா துருப்பிடிச்சிருமே, அப்பா."

"ஏளா! அப்பனை விலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போகட்டுங்கியா?"

அப்பா மூடிய பெட்டி மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. அவர் கோபப்படவில்லை, பயப்படுகிறார் என்று புரிந்தது. அவரைப் பயத்தில் வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்க அவளுக்கு மனம் வரவில்லை. வில்லைகளைக் கிணற்றில் போடவும் மனம் வரவில்லை.

"வீட்டுல ஒரு வில்லைகூட இருக்கப்பிடாது. அம்புட்டுத்தானே, அப்பா?" என்று கேட்டாள்.

"அம்புட்டுத்தான்."

அந்தக் கேள்விக்குள் ஒரு வாசல் திறந்திருப்பதைப் பாவம், அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் பிரம்மநாயகி வில்லைகளை ஒரு துணியில் முடிந்து பாவாடைச் செருகலில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். எங்கே வைப்பது? வழியெல்லாம் யோசித்தாள். சிநேகிதி பிலோமினாவிடம் கொடுக்கலாம். அவள் அப்பா ரேமண்ட் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். அவள் இங்கே அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். ஆனால் அந்த வீட்டுக்கும் போலீஸ் வந்தால்? தன் பயத்தைத் தூக்கி அவள் மடியில் போடுவது சரியில்லை என்று தோன்றியது.

பள்ளிக்கூடத்தில் பாடமே நடக்கவில்லை. அடுத்த நாள் விழா. பெண்கள் எல்லாரும் பனங்குருத்தைக் கிழித்துத் தோரணம் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வண்டியில் வந்த குலை வாழைகள் வாசலில் சாய்ந்து கிடந்தன. ஞானசௌந்தரி டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தார்.

"ஓலை மட்டும் இருந்தா கல்யாண வீடு மாதிரி இருக்கும். பளபளன்னு ஏதாவது வேணுமே. கண்ணாடிச் சில்லு, ஜரிகை, தகரம், யார்கிட்ட என்ன இருந்தாலும் கொண்டாங்க பிள்ளைகளா."

பிரம்மநாயகி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கை தானாக இடுப்பு முடிச்சைத் தொட்டது.

'ராஜா விழாத் தோரணத்தில் போலீஸ்காரர் எதைத் தேடப் போகிறார்?'

"தகரம் என்கிட்ட இருக்கு, டீச்சரம்மா" என்றாள்.

அவளும் பிலோமினாவும் பெஞ்சு மேல் ஏறி வில்லைகளை நூலில் கோத்துக் கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் முதுகுப் பக்கம் வெளியே தெரியும்படி கட்டினார்கள். தேய்த்துத் தேய்த்து வைத்திருந்ததால் ஒவ்வொன்றும் வெள்ளிக்காசு மாதிரி மின்னியது.

சுதேசி வில்லையைப் பார்த்த பிலோமினா கையில் இருந்த நூலை விட்டுவிட்டாள்.

"ஏளா, இது என்னளா? மாட்டிக்கிட்டா என்ன ஆகும்?"

"முதுகு எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதானே இருக்கு. நாளைக்கு விழா முடிஞ்சதும் அவுத்திருவேன். நீ ஒன்னும் பார்க்கலை. போ, அந்தப் பக்கத்துல ஜரிகை கட்டு."

"நான் ஒன்னுமே பார்க்கலை" என்று சொல்லிக்கொண்டே பிலோமினா, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் ஏட்டு மதார் இரண்டு போலீஸ்காரர்களோடு வீட்டுக்கு வந்தார். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். புளிப் பானையில் கை விட்டார்கள். சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தார்கள். ஏட்டு மூலையில் இருந்த ஓலைப்பெட்டியை எடுத்துத் திறந்தார். காலியாக இருந்தது.

"இதுல என்ன இருந்தது, தாயி?"

"வில்லை, ஏட்டையா" என்றாள் பிரம்மநாயகி.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வில்லையா? எங்க இப்ப?"

"பள்ளிக்கூடத் தோரணத்துல கட்டியிருக்கேன். பளபளன்னு இருக்கதை எல்லாம் டீச்சரம்மா கொண்டாரச் சொன்னாவ."

"ராஜா விழாவுக்கா குடுத்துட்டே?" ஏட்டின் மீசை அகலமாக விரிந்தது. "கேட்டீரா, குமாஸ்தா? உம்ம மகளுக்கு எம்புட்டு ராஜ பக்தி! சபாஷ், தாயி." அவள் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அப்பா மெதுவாகக் கேட்டார். "தோரணத்துலயா?"

"நீங்கதான வீட்டுல இருக்கப்பிடாதுன்னு சொன்னிய."

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவே இல்லை.

விழா அன்று காலையில் வானம் மூடியிருந்தது. மழை வருமோ வராதோ என்று காற்று சுழன்று அடித்தது. விழாத் தலைவராக வந்தவர் தில்லைநாயகம் பிள்ளை. பெரிய நிலக்காரர், சின்ன வழக்குகளை விசாரிக்கிற கௌரவ மாஜிஸ்திரேட். போன வருஷம் முனிசிபல் தேர்தலில் நின்று தோற்றுப்போனார். அந்தப் பேச்சை அவர் முன்னால் யாரும் எடுப்பதில்லை. ஜரிகைத் தலைப்பாகையும் ஜரிகை அங்கவஸ்திரமுமாகத் தோரணத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தார். பக்கத்தில் ஏட்டு மதார் விறைப்பாக நின்றார். முனிசிபல் ஆபீஸ்காரர்கள் கடைசி வரிசையில் இருந்தார்கள். அவர்களில் அப்பாவும் இருந்தார். அவர் மேடையைப் பார்க்கவில்லை, தோரணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. ராஜா பதக்கங்களை ஒரு வெள்ளித் தட்டில் குவித்து வைத்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வர, தில்லைநாயகம் பிள்ளை ஒவ்வொரு பதக்கமாக எடுத்துக் குத்திவிட்டார்.

அப்போது ஒரு பெரிய காற்று அடித்தது. தோரணம் சடசடவென்று ஆடியது. நூல் ஒன்று அறுந்தது. டிங்கென்று ஒரு சத்தம்.

யாரும் கவனிக்கவில்லை. பிரம்மநாயகி மட்டும் கவனித்தாள். சுதேசி வில்லை நேராக வெள்ளித் தட்டில், ராஜாக்களுக்கு நடுவில் விழுந்திருந்தது.

அடுத்து பிலோமினாவின் முறை. பிள்ளை சிரித்த முகத்தோடு தட்டைப் பார்க்காமலே கையை விட்டார். எடுத்தார். பிலோமினாவின் தோளருகே கொண்டுபோனார்.

பிலோமினா குனிந்து பார்த்தாள். அவள் கண் இரண்டும் விரிந்தன.

"ஐயா… இது ராஜா இல்லை" என்றாள் சின்னக் குரலில்.

பிள்ளை திருப்பிப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. ஏட்டு மதார் எட்டிப் பார்த்தார். அவருடைய மீசையும் நின்றுவிட்டது.

"யார் செய்த வேலை இது?"

 ஞானசௌந்தரி டீச்சர் ஒரு எட்டு முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "தோரணம் கட்டச் சொன்னது நான்தாங்க. என் பொறுப்புதான்…"

பிரம்மநாயகி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். டீச்சரை அவள் நினைக்கவே இல்லை! அப்பாவை நினைத்தாள், பிலோமினாவை நினைத்தாள், டீச்சரை மட்டும் மறந்துபோனாள். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் டீச்சரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களே.

அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.  மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"டீச்சரம்மாவுக்கு ஒன்னும் தெரியாது, ஐயா. அது என் வில்லை. நான்தான் கட்டினேன். முதுகு மட்டும் தெரியுத மாதிரி கட்டினேன்."

"நீ யார் மக?"

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. "என் மகதான், ஐயா" என்று அப்பா எழுந்து நின்றார். சத்தமாகத் தும்மக்கூட யோசிக்கிறவர், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பிள்ளை அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். வில்லையை அவளிடம் நீட்டினார். "இதைக் கொண்டு போய் ஆத்துல எறி. போ."

பிரம்மநாயகி வாங்கிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

"எறிய மாட்டேன், ஐயா."

"என்ன?"

"ஆத்துல இருந்துதான் எடுத்தேன். திருப்பிப் போட்டா திரும்பவும் போய் எடுப்பேன்."

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு இருமினார். பிள்ளையின் புருவம் உயர்ந்தது.

"உனக்கு ராஜா பேர்ல மரியாதை கிடையாதா?"

"ராஜா வில்லையும் வச்சிருக்கேனே. இந்த ராஜாவோட அப்பாவுக்கு, நான் கைப்பிள்ளையா இருந்தப்ப முடி சூட்டினாவளே, அப்பக் குடுத்ததும் இருக்கு. அந்தா, அந்த ஓரத்துல தொங்குது."

"அது போதாதா? இது எதுக்கு?"

பிரம்மநாயகி உள்ளங்கையில் இருந்த வில்லையைப் பார்த்தாள். "அந்தக் கூட்டத்தை நான் பார்க்கலை, ஐயா. அப்பா கதவைச் சாத்திட்டாவ. சத்தம் மட்டுந்தான் கேட்டுது. அப்புறம் போய்ப் பார்த்தா மணல்ல ஒருத்தரும் இல்லை. இது மட்டும் கிடந்தது. இதுவும் போச்சுன்னா, அப்படி ஒன்னு நம்ம ஊர்ல நடக்கவே இல்லைன்னு சொல்லிருவாவ. நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியாது. நடந்துது இல்லையா?"

பிள்ளை தலையை உயர்த்தித் தோரணத்தைப் பார்த்தார். காற்றில் மற்ற வில்லைகள் எல்லாம் திரும்பித் திரும்பி முகம் காட்டிக்கொண்டிருந்தன. அவர் கண் ஒன்றின் மேல் போய் நின்றது. துதிக்கையைத் தூக்கி நின்ற ஒரு யானை.

"அது… அது என்ன?"

கூட்டத்தில் பெரியவர்கள் எல்லாரும் குனிந்து தங்கள் கால் விரலைப் பார்த்தார்கள். அது பிள்ளையின் யானை. தேர்தலில் அவர் பட்டணத்திலிருந்து வரவழைத்து ஊரெல்லாம் கொடுத்த வில்லை. தோற்ற மறுநாள் ஊரில் ஒரு நெஞ்சிலும் அந்த யானை இல்லை.

"இது எங்க கிடைச்சுது உனக்கு?" அவர் குரல் இறங்கியிருந்தது.

"உங்க வீட்டுக்குப் பின்னால குப்பைக் குழியில, ஐயா. ஒரு கூடை நிறையக் கிடந்தது. நல்லதாப் பார்த்து ஒன்னு எடுத்தேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"தோத்தவன் வில்லையை எதுக்கு வச்சிருக்க?"

"ஜெயிச்சவுக வில்லையை அவுகளே வச்சுக்கிடுவாவ. தோத்தவுக வில்லைக்குத்தான ஆள் வேணும்?"

பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பாகைக்குக் கீழே அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. அழப்போகிறாரா, சிரிக்கப்போகிறாரா என்று பக்கத்தில் இருந்த ஏட்டுக்கே தெரியவில்லை. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் கூட்டம் மூச்சு விட்டது.

"ஏட்டையா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதுல எழுதுறதுக்கு ஒன்னும் இல்லை வே. பிள்ளை தகரம் சேக்குது. சேக்கட்டும்."

"உத்தரவு" என்றார் ஏட்டு. அவர் நேற்று தட்டிக்கொடுத்த தலையை ஒரு முறை உற்றுப் பார்த்தார். 

பிள்ளை ஒரு ராஜா பதக்கத்தை எடுத்து, நன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவளுக்குக் குத்திவிட்டார். பிறகு குனிந்து அவள் காதருகே சொன்னார்.

"அந்த யானையை எனக்குத் தந்திரு, தாயி. என்கிட்ட ஒன்னுகூட இல்லை."

"தர மாட்டேன், ஐயா."

"எனக்கேவா?"

"நீங்க கொண்டு போனா மறுபடியும் குழிக்குத்தான் போகும். பார்க்கணும்னா வீட்டுக்கு வாங்க. காட்டுதேன்."

விழா முடிந்ததும் ஞானசௌந்தரி டீச்சரே பெஞ்சு மேல் ஏறி நூலை அவிழ்த்துக் கொடுத்தார். "இனிமே ஏதாவது தொங்கவிடும்போது முன்னாடியும் பின்னாடியும் எனக்குக் காட்டிரு" என்று மட்டும் சொன்னார். பிலோமினாவுக்கு இரண்டு மிட்டாய் கிடைத்திருந்தது. "நான் பயத்துல விழுங்கினதுல ருசியே தெரியலை" என்று ஒன்றைச் சிநேகிதிக்குக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா சந்து முனையில் நின்றார்.

"துருப்பிடிக்காம இருக்க, தேங்காய் எண்ணெய் தடவி வைக்கணும்ளா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்து முனையில் மாடு பூட்டின ஒரு வில்வண்டி வந்து நின்றது. மணிச் சத்தம் கேட்டுத் தெருவே எட்டிப் பார்த்தது. தில்லைநாயகம் பிள்ளை இறங்கி, தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார்.

அப்பா பதறிப்போய் எழுந்தார். "ஐயா, சொல்லி அனுப்பியிருந்தா நானே…"

"உம்மைப் பார்க்க வரலை வே. உம்ம மக இருக்காளா?"

பிரம்மநாயகி ஒரு வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து, வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மாஜிஸ்திரேட் சின்னப் பையன் மாதிரிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெற்றிலை மடித்த விரலை ஆசையோடு யானையிடம் நீட்டினார்.

"ஐயா, விரல்ல சுண்ணாம்பு இருக்கு" என்றாள் பிரம்மநாயகி. "துடைச்சிட்டுத் தொடுங்க."

பிள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். துடைக்க வேறு துணி ஒன்றும் அகப்படவில்லை. தன் ஜரிகை அங்கவஸ்திரத்தின் நுனியை எடுத்து, ஒவ்வொரு விரலாக, நன்றாகத் துடைத்துக்கொண்டார்.